குஞ்சு விட்ட ஏரியில் இவ்வளவு பெரிய மீனா? பார்த்தவர்கள் எழுதுங்கள்

மடைக்கரை:
ஏரியைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. விட்டதெல்லாம் விரல் நீளக் குஞ்சு: கட்லா, ரோகு, மிர்கால். வலையில் வருவது இரண்டு கிலோ, மூன்று கிலோதான். போன கோடையில் தண்ணீர் வற்றியதும் மடைப் பள்ளத்தில் வலை இழுத்தோம். ஒரு பக்கம் நகரவே இல்லை. கல்லில் மாட்டியிருக்கும் என்று என் மச்சான் முங்கிப் பார்த்தான். எழுந்தவன், "மாமா, அது அசையுது" என்றான். குரல் நடுங்கியது. கட்லா! தராசில் 19 கிலோ. தலையே சோத்துக் குண்டான் அளவு. நாங்கள் விட்ட குஞ்சு இரண்டு வருஷத்தில் இப்படி வளராது. அப்படியென்றால் எங்கிருந்து வந்தது?

பரிசல்:
முந்தின குத்தகைக்காரர் விட்டதில் தப்பியதாக இருக்கும். செவுள்வலைக் கண்ணில் தலை நுழைந்தால்தான் மீன் மாட்டும். பெருத்துவிட்டால் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். கட்லா ஏரியில் பெருகாது, முட்டையிட ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால் தப்பிய நாலு மீனுக்குத் தீனியில் போட்டி குறைவு. மீன் உயிரோடு இருக்கும் வரை வளரும். மேட்டூர் அணையில் ஒரு ராத்திரி என் பரிசலுக்கு அடியில் ஏதோ உரசிப் போனது. பரிசல் அரைச் சுற்று சுற்றிவிட்டது. காலையில் பார்த்தால் வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

குளிர்மலை:
ஏரியில் பெருகாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கள் நீலகிரிக்கு 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கெண்டை நின்ற நீரிலேயே முட்டையிடும். அப்பா தூண்டிலில் ஒன்றைக் கரை வரை இழுத்துவந்தார். நரம்பு அறுந்துபோனது. அவர் கையில் மிஞ்சியது ஒரு செதில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது.

பரிசல்:
நான் கட்லாவைத்தான் சொன்னேன். திரும்பப் படியுங்கள்.

வயல்வரப்பு:
எங்கள் குட்டையில் கிடைத்தது நாலடி ஆப்பிரிக்கக் கெளுத்தி. வயிற்றைக் கிழித்தால் முழு விரால் ஒன்று. மடைக்கரை அண்ணா, உங்கள் ஏரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கெளுத்தியை வளர்க்க 2000-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக விடுகிறார்கள். அது காற்றையும் சுவாசிக்கும், சேற்றில் கிடந்து பிழைத்துக்கொள்ளும், நாட்டு மீன் குஞ்சை மிச்சம் வைக்காது. குஞ்சு வாங்கும்போது ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள், மீசை தெரிந்தால் வாங்காதீர்கள். மழைக்கு முன் கலுங்கில், அதாவது ஏரி நிரம்பி வழியும் இடத்தில், வலைத் தடுப்பு கட்டுங்கள். தொட்டியில் வளர்த்த மீனை யாரையும் ஏரியில் விட விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில், சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமா என்ற ராட்சத மீன் வலையில் வந்தது. எல்லாம் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பியவை. கோடையில் ஒருமுறை ஏரியை முழுக்க வற்றவிடுவதும் நல்லது.

மடைக்கரை:
தம்பி, வற்றவிட்டால் ஊர் மாடுகள் தண்ணீருக்கு எங்கே போகும்? அப்புறம், எங்களுடையது கட்லாதான், மீசை இல்லை. பரிசல் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அதன் செதில் இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன். வளையத்தை எண்ணினால் வயசு தெரியுமாமே. எண்ணிப் பழகியவர் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.