ராஜாக்கள் வேண்டாம், வாசித்தவர்கள் வேண்டும்: அப்பாவோடு மூன்று நாள் பயணம், யோசனை சொல்லுங்க

கரூர் கலா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு 71 வயசு. டவுன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அதுக்கப்புறம் எங்க ஊர் நூலகத்துல சோழர், பல்லவர், நாயக்கர்னு ஒரு அலமாரியையே காலி பண்ணிட்டார். ஒவ்வொரு புத்தகத்தையும் மூடி வைக்கும்போது ஒரே குறைதான் சொல்வார். "கட்டினவன் பேரு இருக்கு, ஜெயிச்சவன் பேரு இருக்கு. ராத்திரி சாமி புறப்பாட்டுல வாசிச்சவன் யாரு, அவனுக்கு என்ன கூலி, எங்க குடியிருந்தான்? அதை எவனும் எழுதக் காணோமே."

நாயனம்னா, அதான் நாதஸ்வரம், அவருக்கு உயிர். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம் ஒரு கேசட் வச்சிருக்கார். டேப் இழுத்துப்போய் பாதியில சுருதியே இறங்கும். என் பையன் அதே தோடியை போன்ல ஏத்திக் கொடுத்தான். கேட்டுட்டு, "சுத்தமாத்தான் இருக்கு, ஆனா இதுல காத்து இல்லையே"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

தை மாசக் கடைசியில மூணு நாள், வாடகைக் கார்ல, தஞ்சாவூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், சிதம்பரம், திருவையாறு, திருவாரூர், குடுமியான்மலை... லிஸ்ட் போட்டுட்டேன். ஆனா பெரிய கோயிலை நாங்க ஏற்கெனவே நாலு தடவை பார்த்தாச்சு. நந்தி, விமானம், நிழல் விழாதுங்கிற கதை, கிளம்பு! அவர் கேக்கிற ஆளுங்களோட தடம் எங்கயாவது கண்ணுக்குத் தெரியுமா? மூட்டு வலி இருக்கு, படி ஏற முடியாது.

கல்லெழுத்துக் கிறுக்கன் எழுதியது:

கலா அக்கா, உங்கள் அப்பா கேட்பதை ராஜராஜனே எழுதி வைத்திருக்கிறான். நாலு தடவையும் நீங்கள் அதன் பக்கம் போகாமலே திரும்பியிருப்பீர்கள்.

பெரிய கோயிலின் வடக்குத் திருச்சுற்று மதில், அதன் வெளிப்புறம். அங்கே பொதுவாக யாரும் போவதில்லை. 1014 வாக்கில் வெட்டிய நீண்ட கல்வெட்டு அது. 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடவும் பாடவும் வரவழைக்கப்பட்டவர்கள், ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று வரிசையாக இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை. அதாவது தெருவின் தெற்கு வரிசை, முதல் வீடு. பிறகு இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. திருவாரூரிலிருந்தும் பழையாறையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள். தபால்காரர் கையில் கொடுத்தால் கடிதம் போட்டுவிடுவார், அவ்வளவு சுத்தமான விலாசம்.

கூலியும் உண்டு. தலைக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்து விளைச்சலாக நூறு கலம் நெல். அளந்தது "ஆடவல்லான்" என்னும் மரக்காலால். ஆடவல்லான் யார் என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடராஜன் பெயரில் ஒரு மரக்கால்! நட்டுவம், அதாவது நடனம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இரண்டு பங்கு. வங்கியம் என்னும் குழல் ஊதியவர், வீணை வாசித்தவர், உடுக்கை அடித்தவர், சங்கு ஊதியவர், கடைசியில் துணி வெளுத்தவர், தையல்காரர், நாவிதர் வரை பட்டியல் போகிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவுக்காரர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அவருக்குத் தகுதி இருக்க வேண்டும், இல்லையென்றால் தகுதியான வேறு ஆளை வைக்க வேண்டும் என்றும் வெட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். வாரிசு என்பதற்காக மட்டும் வேலை கிடையாது.

அதற்கு முன்னால் தேவாரம் பாடிய 48 பேரின் கல்வெட்டு தனியாக இருக்கிறது. கூட ஓர் உடுக்கை, ஒரு கொட்டிமத்தளம், ஆக 50 பேர். ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல்.

விமானத்தின் மேல்தளத்தில் நாட்டியக் கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள், 108-ல் 81 செதுக்கியிருக்கிறார்கள், மீதி 27 கல் வெறுமனே நிற்கிறது. பொதுமக்களை மேலே விடுவதில்லை, அதனால் மூட்டு வலிக்கு அங்கே வேலையில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இணையத்திலேயே கிடைக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும்.

ஆடுதுறை பாஸ்கி எழுதியது:

அக்கா, லிஸ்ட்டைப் பாதியா வெட்டுங்க. எழுபது வயசுக்காரரை மூணு நாள்ல ஏழு ஊருக்கு இழுத்தா அவர் கோபுரத்தைப் பார்க்க மாட்டார், கார் கண்ணாடியைத்தான் பார்ப்பார்.

கும்பகோணத்துல இருந்து மயிலாடுதுறை ரோட்டுல வாங்க. திருவிடைமருதூர், எங்க ஊரு ஆடுதுறை தாண்டினா நரசிங்கம்பேட்டை. நாயனம் செய்யற ஊரு. 2022ல புவிசார் குறியீடு வந்துச்சு, ஆனா போர்டு பார்த்துத் தேடாதீங்க. ஆச்சாரிமாருங்க வீட்டுத் திண்ணையிலயும் பட்டறையிலயும்தான் வேலை நடக்கும். மரம் ஆச்சா மரம். புதுசா வெட்டின மரம் ஆகாது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது வர்ற தூண், உத்தரம், அந்த மாதிரி பல வருஷம் காஞ்ச கட்டைதான் வேணும். எந்த வீட்டுல எந்தக் கல்யாணத்தைப் பார்த்த தூணோ, அது திரும்பவும் கல்யாணத்துக்கே போகுது பாருங்க.

ராஜரத்தினம் பிள்ளை இருந்த திருவாவடுதுறை இங்கிருந்து பக்கத்துல. முன்னெல்லாம் திமிரி நாயனம்தான், குட்டையா இருக்கும், சுருதி உச்சத்துல கத்தும். நீளமான பாரி நாயனத்துக்கு மாறி அதை நிலைநாட்டினது அவருதான். அதுக்கு ஏத்த மாதிரி கருவியைச் செஞ்சு கொடுத்தது நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. உங்கப்பா கேசட்ல கேக்கற அந்தக் கனத்த சத்தம் இந்த ஊர்ப் பட்டறையில பொறந்தது. வாசிச்சவர் பேரு உலகத்துக்கே தெரியும், கடைஞ்சவர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்க?

கையில ஒரு கிலோ பழத்தோட போங்க. வேலை நேரத்துல போய் ரொம்ப நேரம் போட்டோ எடுத்துக்கிட்டு நிக்காதீங்க. அது அவங்க பொழப்பு.

பழைய ரேடியோ எழுதியது:

தளிச்சேரிப் பெண்களைப் பற்றி மேலே நண்பர் எழுதியது நன்று. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லோடு நின்றுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் கரூரிலிருந்து திருச்சி வழியாகக் குடுமியான்மலை போவதானால் நடுவில் விராலிமலை வரும். அங்கே முருகன் கோயிலில் ஆடிப் பாடிய 32 பெண்களில் கடைசியானவர் முத்துக்கண்ணம்மாள். 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1947ல் சென்னை மாகாணச் சட்டம் வந்து பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் நின்றது, நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்களின் பாட்டும் அடவும் வேறு மேடைக்கு, வேறு பெயரில், வேறு ஆட்களோடு போய்விட்டன. கல்வெட்டில் சேரமங்கைக்கு ஒரு வேலி விளைச்சல். இவர்களுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் அப்பா கேட்பார், தயாராக இருங்கள். கோயில் மலைமேல். நீங்கள் ஏறாமல் அடிவாரத்தில் நின்று பார்த்தாலே போதும்.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு மேலைக்கோயில் குடைவரையை ஒட்டி, கீழேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்து. சுரங்களை நாலு நாலாக அடுக்கி ஏழு பகுதிகள். ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வரும். மகேந்திரவர்மன் வெட்டியது என்று பழைய புத்தகங்கள் அடித்துச் சொல்லும், பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். சமஸ்கிருதக் கல்வெட்டின் முடிவில் மட்டும் ஒரு தமிழ் வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". எட்டு எது, ஏழு எது என்று பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். பதின்மூன்று நூற்றாண்டாகக் கண்முன்னே கிடக்கும் இசைப்பாடம், பாடிக் காட்ட ஆளில்லை. எனக்கு அங்கே நின்றால் கொஞ்சம் கோபம்கூட வரும்.

திருவாரூர் போனால் மாலைச் சாயரட்சைப் பூசைக்குப் போங்கள். பஞ்சமுக வாத்தியம் அந்தக் கோயிலின் சொத்து. ஐந்து வாய் வைத்த பெரிய வெண்கலக் குடம், தோல் போர்த்தியது, நடுவாய் மட்டும் பெரிது. வாசிப்பவர்களைப் பாரசைவர் என்பார்கள். என்றைக்கு வாசிப்பார்கள் என்று கோயிலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

கரூர் கலா எழுதியது:

போயிட்டு வந்துட்டோம். பாஸ்கி தம்பி சொன்ன மாதிரி லிஸ்ட்டை வெட்டிட்டேன். கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், தாராசுரம், திருவையாறு எல்லாம் போச்சு. முதல் நாளே கார்க்காரர் ரெண்டு மணி நேரம் லேட்டு. அதனால விராலிமலையை ரோட்டுல இருந்தே கும்பிட்டோம். குடுமியான்மலையில நல்ல உச்சி வெயில். அப்பா அந்தப் பாறை முன்னாடி உட்கார்ந்து, "டிக்கெட் புத்தகம் மாதிரி எவ்வளவு வரிசையா அடுக்கியிருக்கான் பாரு"ன்னார். அதுக்கு மேல ஒண்ணும் பேசலை.

தஞ்சாவூர்லதான் விஷயம். காலையில ஏழு மணிக்கே வடக்கு மதிலுக்கு வெளியே போயிட்டோம். புல்லு, ரெண்டு நாய், வேற யாரும் இல்லை. அச்சடிச்ச தாளையும் சுவத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அரை மணி நேரத்துல "நெல்லு"ங்கிற சொல்லைத் தானாவே கண்டுபிடிச்சுட்டார். அப்புறம் அது எங்கெல்லாம் வருதுன்னு சுவத்தைத் தொடாம விரலைக் காத்துலயே ஓட்டிக்கிட்டுப் போனார். திடீர்னு கணக்கு. "தினம் மூணு குறுணி, வருஷத்துக்கு 360 நாள்னு வச்சுக்க, 1,080 குறுணி. கலத்துக்குப் பன்னெண்டு குறுணி. தொண்ணூறு கலம். ஆடினவளுக்கு நூறு, பாடினவனுக்குத் தொண்ணூறு. பரவால்ல." ஐம்பது வருஷமா எங்க வீட்டுல அம்மா வேலைக்கும் அவர் வேலைக்கும் இந்த மாதிரி கணக்கு அவர் போட்டு நான் பார்த்ததில்லை. சொல்லலை, மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.

திருவாரூர்ல நாங்க போன அன்னைக்குப் பஞ்சமுக வாத்தியம் வாசிக்கலை. பழைய ரேடியோ பெரியவர் சொன்ன மாதிரி முன்னாடியே விசாரிச்சிருக்கணும், என் தப்பு. கமலாலயப் படிக்கட்டுல உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம்.

நரசிங்கம்பேட்டையில ஒரு ஆச்சாரி அய்யா, எங்களைத் திண்ணையில உட்கார வச்சுட்டு வேலையைத் தொடர்ந்தார். ஏழு துளை விரலுக்கு, மீதி அஞ்சு சுருதி சரிபார்க்கன்னு காட்டினார். அப்பா ராஜரத்தினம் பேரை எடுத்ததும் கடைசலை நிறுத்திட்டார். ஒரு பழைய உலவுல, அதான் நாயனத்தோட குழல், அடியில விரிஞ்ச அணசை மாட்டி, வாயில வச்சு ஊதற சீவாளி வச்சு, ஒரே ஒரு சுரம் ஊதினார். தோடியெல்லாம் இல்லை, வெறும் ஒத்தைச் சத்தம். திண்ணைப் பலகை அதிர்ந்தது காலுல தெரிஞ்சுது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "காத்து" அப்படின்னார்.

வரும்போது ரெண்டு சீவாளி வாங்கிட்டார். வாசிக்கவெல்லாம் தெரியாது. இப்ப தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணியில அதை ஊறப்போட்டு, வாயில வச்சு ஊதறார். பக்கத்து வீட்டு அக்கா நேத்து வந்து, ஆடு வாங்கியிருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க.