கூடுதலாகக் கிடைக்கும் சுகாதார நிதி: டயாலிசிஸுக்கா, பிரஷர் மாத்திரைக்கா?

கேள்வி – பெரம்பூர் வாசகர்
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. கூடுதலாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தால் எதற்குத் தருவது நியாயம்? அறுவை சிகிச்சையால் பிழைத்தவரை ஊரே அறியும்; மாத்திரையால் பக்கவாதத்திலிருந்து தப்பியவருக்கோ, தாம் தப்பியதே தெரியாது. அதனாலேயே பின்னவருக்கு நிதி குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன்.

பதில் – செவிலியர், புளியந்தோப்பு
என் அனுபவத்தில் மாத்திரைக்கே முதலிடம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, முகமும் காலும் வீங்கிய பிறகு வருபவர்கள் பலர். பையைத் திறந்தால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இருக்கும். கட்டுப்படாத பிரஷராலும் சுகராலும் சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போய்விடும். மாத்திரை வாங்கினால் மட்டும் போதாது, விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் வேண்டும். அந்த ஒரு கோடியை நான் ஆட்களுக்கே தருவேன். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையும் நிதியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது.

பதில் – வியாசர்பாடி வாசகர்
சகோதரி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் அப்பா டயாலிசிஸில்தான் உயிரோடு இருக்கிறார். புதிய பணத்தை எங்கே வேண்டுமானாலும் கொடுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையில் கை வைக்காதீர்கள்.

பதில் – பொதுச் சுகாதார மாணவர்
தாய்லாந்து இதே சிக்கலைச் சந்தித்தது. ஓர் ஆண்டு நலவாழ்வைப் பெற எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டபோது, டயாலிசிஸ் அவர்கள் வகுத்திருந்த செலவு வரம்புக்குள் வரவில்லை. ஆயினும் அந்தச் செலவால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதைக் கருதி, 2008இல் அதைப் பொதுத் திட்டத்தில் சேர்த்தார்கள்; வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வயிற்றுவழி டயாலிசிஸுக்கு முன்னுரிமையும் தந்தார்கள். கணக்கும் பார்த்தார்கள், அதை மீறியதற்கான காரணத்தையும் வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் இப்படிச் சிகிச்சைகளின் செலவையும் பயனையும் எடைபோடும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. காப்பீட்டுப் பட்டியலில் ஒரு சிகிச்சையைச் சேர்க்கும்போது, அதற்கு ஆகும் செலவும் சேர்த்ததற்கான காரணமும் தமிழில் வெளியிடப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அப்போது புளியந்தோப்பு செவிலியரும் வியாசர்பாடி குடும்பமும் ஒரே தாளை வைத்து வாதாட முடியும்.