மறு: கம்யூட்டேஷன் – திசைமாற்றமா, முனைமாற்றமா?

> பள்ளிப் புத்தகத்திலேயே 'திசைமாற்றி' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

மோட்டார் தொடர்ந்து சுழல, அதன் சுருள்களில் மின்னோட்டத்தை முறைப்படி மாற்றிவிடுவதுதான் கம்யூட்டேஷன். பிரஷ் வைத்த மோட்டாருக்கு 'திசைமாற்றம்' சரிதான். பிளவு வளையம் அரைச்சுற்றுக்கு ஒருமுறை சுருளில் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுகிறது. பிரஷ் இல்லாததில் கதை வேறு. அங்கே மூன்று கம்பிகளில் மின்னோட்டத்தை மாற்றிவிடுவது கன்ட்ரோலர் என்ற மின்னணுச் சுற்று.

கன்ட்ரோலர் செய்யப் பழகியபோது, நிரல் எழுதும் முன் அதில் மின்னணுச் சுவிட்சுகளாக இருக்கும் ஆறு மாஸ்ஃபெட்டையும் பொத்தான் வைத்துக் கையால் இயக்கிப் பார்த்தேன் (மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்துத்தான்). முதல் படியில் மின்னோட்டம் மஞ்சள் கம்பியில் நுழைந்து பச்சையில் வெளியேறும். நீலம் சும்மா கிடக்கும். அடுத்து மஞ்சளில் நுழைந்து நீலத்தில் வெளியேறும். மூன்றாவதில் பச்சையிலிருந்து நீலத்துக்கு, மஞ்சளுக்கு ஓய்வு. நான்காவதில்தான் மஞ்சளில் ஓட்டம் எதிர்த்திசைக்கு வருகிறது. ஆக, எந்தக் கம்பியும் ஒரே படியில் திசை மாறுவதில்லை. ஓய்வில் இருக்கும் கம்பியில் எதிர் மின்னியக்கு விசை (காந்தம் சுழல்வதால் சுருளில் எழும் மின்னழுத்தம்) சுழியைக் கடப்பதைப் பார்த்துத்தான், காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இல்லாமலே, சுழலும் பகுதியான ரோட்டர் எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம். என் மோட்டாரில் 14 காந்தம், அதாவது ஏழு இணை. இணைக்கு ஆறு படி வீதம் ஒரு முழுச் சுற்றுக்கு 42 படி. பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது.

உதவிக்கு வந்த தம்பியிடம் "அடுத்த திசைமாற்றம்" என்றேன். அவன் இரண்டு கம்பிகளைக் கழற்றி மாற்றிச் செருகிவிட்டான். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. அவன்மேல் தப்பில்லை, சொல் அப்படி.

'கைமாற்றம்' என்று வைக்கலாமா என யோசித்தேன். மாதக் கடைசிக் கைமாற்று ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். 'முனைமாற்றம்' எப்படி? 'மும்முனை மின்சாரம்' பம்புசெட் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

> காந்தத்துக்கும் முனை என்பார்களே. கணக்கில் இருக்கும் 'பரிமாற்று' (கம்யூட்டேடிவ்) போதாதா?

காந்தத்துக்குத் துருவம் இருக்கிறது, குழப்பம் வராது. பரிமாற்று விதியில் இடம் மாற்றினாலும் விடை மாறாது. இங்கே இரண்டு கம்பியை மாற்றினால் என்ன ஆகும் என்று தம்பியைக் கேளுங்கள்.

அப்புறம், 'டெட் டைம்' என்பதற்கும் தமிழ்ச்சொல் பாக்கி இருக்கிறது. ஒரே கிளையின் (ஒரு கம்பிக்கான ஜோடியின்) மேல், கீழ் மாஸ்ஃபெட்டுகள் ஒருசேர இயங்கிப் புகையாமல் இருக்க, நடுவே விடும் துளி இடைவெளி. 'செத்த நேரம்' என்று யாராவது நேருக்கு நேர் மொழிபெயர்த்தால் சிரிக்க வேண்டாம். "செத்த இரு" என்று எங்கள் பாட்டி சொன்னதும் இதே பொருளில்தான்.