கரண்ட் போனால் அந்த முகவர் என்ன செய்யும்?

காலி வீதி:
கட்டுபெத்தையில் படிக்கும் ஒரு தங்கச்சி, தனியாக வாழும் முதியவர்களுக்கு இனி ரோபோக்களும், நமக்காகத் தாமே கவனித்து முடிவெடுக்கும் நிரல்களான மென்பொருள் முகவர்களும்தான் துணை என்று நேற்று இங்கே எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். நான் தெஹிவளையில். கனடாவில் இருக்கும் தம்பி வாசல் கதவு, குசினி, விறாந்தை மூன்றுக்கும் சென்சர் வாங்கி அனுப்பினான். அம்மா நெடுநேரம் அசையாமல் இருந்தால் போனில் இருக்கும் செயலி எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடு முழுக்க இருண்ட அந்த நாள். செயலியைத் திறந்தால் 'குசினியில் கடைசி அசைவு 11.05' என்று இருக்கிறது. பன்னிரண்டரைக்கும் அதேதான். கரண்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சென்சர்கள் பேட்டரியில் ஓடுபவை, கரண்ட் போனாலும் வேலை செய்யும் என்று தம்பி சொல்லியிருந்தான். அம்மாவின் போனும் எடுபடவில்லை. காலி வீதியில் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறிப் போனால், அம்மா பல்கனியில் உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருக்கிறார். சென்சர்கள் உயிரோடுதான் இருந்தன. அவற்றின் தகவலை இணையத்துக்கு அனுப்பும் ரவுட்டர்தான் கரண்ட் இல்லாமல் செத்துப்போயிருந்தது.

இதை நம்பி அம்மாவை விடச் சொல்கிறீர்களா?

கட்டுபெத்தை மாணவி:
அண்ணை, வாசிக்கவே நெஞ்சு படபடத்தது. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டில் இருந்ததை நாங்கள் முகவர் என்று சொல்வதில்லை. அது தகவலைக் கடத்தும் குழாய். வூல்ட்ரிஜும் ஜென்னிங்ஸும் 1995இல் முகவருக்கு நான்கு குணங்கள் சொன்னார்கள்: தானாக இயங்குவது, மற்ற முகவர்களோடு பேசுவது, சூழல் மாறினால் உடனே எதிர்வினை காட்டுவது, இலக்கை நோக்கித் தானே முன்கூட்டிச் செயல்படுவது. ஒரு வகை முகவர், சூழலைப் பற்றித் தனக்குத் தெரிந்தவற்றைத் தன் 'நம்பிக்கைகள்' என்று ஒரு பட்டியலாக வைத்திருக்கும். 11.05க்கு வந்த தகவல் 12.30க்குப் பழசு என்று அதற்குத் தெரிய வேண்டும். 'அம்மா அசையவில்லை' என்பதும் 'அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்பதும் வேறு வேறு. அன்று உங்களுக்கு இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இது ஒன்றும் எட்டாத தொழில்நுட்பம் இல்லை. சென்சர்கள் பேசிக்கொள்ளப் பரவலாகப் பயன்படும் எம்கியூடிடி நெறிமுறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க உருவானது. அதில் ஒரு கருவி இணையும்போதே தன் 'இறுதி விருப்பம்' என்ற செய்தியைச் சேவையகத்திடம் கொடுத்து வைக்கலாம். 'இருக்கிறேன்' என்று சொல்ல அது ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் அதனிடமிருந்து சத்தமே இல்லையென்றால், அந்தச் செய்தியைச் சேவையகம் வெளியிடும். இடைவெளி 60 செக்கன் என்றால் 90 செக்கனில் 'வீட்டோடு தொடர்பு அறுந்தது' என்று உங்கள் போனுக்கு வந்திருக்கலாம்.

பழைய வயர்மன்:
தங்கச்சி, அந்தச் சேவையகம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளே என்றால் அதுவும் சேர்ந்தல்லவா சாகும்?

கட்டுபெத்தை மாணவி:
சரியான கேள்வி அண்ணை. முடிவெடுக்கும் பகுதி வீட்டுக்குள் இருக்க வேண்டும், வீடு செத்ததைக் கவனிக்கும் பகுதி வெளியே இருக்க வேண்டும். வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்.

பழைய வயர்மன்:
2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். அதற்கு எந்தச் சின்ன யூபிஎஸ் தாங்கும்? எங்கள் பக்கம் போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வந்தது. ரோபோ கதைக்கு வந்தால், நான் வயரிங் செய்த பழைய கட்டடங்களில் லிஃப்டின் கட்டுப்பாடு முழுக்க ரிலே என்ற பழைய மின்சுவிட்சுகள்தான். ரோபோ லிஃப்டைக் கூப்பிட அங்கே ஒரு வழியும் இல்லை. கரண்ட் போனால் லிஃப்டே இல்லை. சக்கரம் வைத்த ரோபோ கீழ் மாடியில் நிற்கும், ஆள் ஐந்தாம் மாடியில் கிடப்பார்.

காலி வீதி:
இன்னொன்று. ஜிபோ என்ற வீட்டு ரோபோவின் கம்பனி மூடப்பட்டபின் 2019இல் சேவையகத்தை நிறுத்தப்போவதாக அந்த ரோபோவே வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது. பிள்ளைகளுக்கான மொக்சியின் கம்பனி 2024 இறுதியில் மூடுவதாக அறிவித்தது. பிள்ளை அழுதால் சமாதானம் சொல்லலாம். அம்மா ஒரு குரலோடு பழகிவிட்டு, ஒரு நாள் அது பேசாமல் போனால் நான் என்ன சொல்வேன்?

கட்டுபெத்தை மாணவி:
இதில் உங்களோடு நிற்கிறேன். வெளிநாட்டுச் சேவையகம் இல்லாவிட்டால் செத்துப்போகும் எதையும் முதியவர் வீட்டில் வைக்கக் கூடாது. ஆனால் ஆராய்ச்சி அதற்கு எதிர்த் திசையில்தான் போகிறது. ரொஸ் என்பது ரோபோக்களை இயக்கும் மென்பொருள். பழைய ரொஸ்ஸில் ஒரு தலைமை நிரல் இருந்தால்தான் ரோபோவின் பகுதிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். ரொஸ் 2இல் தலைமை இல்லை, பகுதிகள் தாங்களே தேடிக்கொள்ளும். வீட்டுக்கும் அந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

2012 முதல் 2014 வரை ஐரோப்பாவில் ஜிராஃப்பிளஸ் என்ற திட்டம் நடந்தது. சுவீடனின் ஒரெப்ரோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்தது. இத்தாலி, ஸ்பெயின், சுவீடன் நாடுகளில் முதியவர்களின் சொந்த வீடுகளிலேயே சென்சர்களையும், திரையோடு உருண்டு வரும் ஒரு ரோபோவையும் வைத்துப் பார்த்தார்கள். அந்த ரோபோ யாரையும் தூக்காது. பிள்ளையோ தாதியோ அதன் வழியாக வந்து முகம் பார்த்துப் பேசலாம். இதைக் கொழும்பில், நம் கரண்டோடும் நம் படிக்கட்டோடும் செய்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

நான் ஏன் இதில் நிற்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் என் அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டரை மணி நேரம் கிடந்தார். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தோம். பைப் திறந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கவில்லை.

ஏழாம் மாடி:
உங்கள் அம்மம்மாவுக்காக மனம் வருந்துகிறது. ஆனால் நீங்கள் யாருமே பேசாத ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் மாமியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஹட்டனிலிருந்து வந்தவர். காமரா பூட்டிய நாளிலிருந்து அவர் குசினியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, பின்பக்கம் போய்ச் சாப்பிடுகிறார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று பார்த்தால், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்வதற்கு அது பொருந்தாது. சட்டமும் அவருக்கு இல்லை. மாமியின் பாதுகாப்புக்கு அந்த அக்கா ஏன் விலை கொடுக்க வேண்டும்?

கட்டுபெத்தை மாணவி:
காமரா இல்லாமலே செய்யலாம் அக்கா. விழுந்ததைக் கண்டுபிடிக்க ராடார் சென்சர் போதும். அது முகத்தைப் பார்க்காது, படமும் எடுக்காது.

ஏழாம் மாடி:
படம் இல்லாவிட்டாலும் அவர் எத்தனை தரம் உட்கார்ந்தார், எப்போது வெளியே போனார் என்று கணக்கு இருக்கும்தானே. அதை யார் பார்ப்பது?

கட்டுபெத்தை மாணவி:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

வயர்மன் அண்ணைக்கு மட்டும் ஒன்று. முகவர்கள் வேலையைப் பங்கிடும் முறை ஒன்று 1980இலேயே வந்துவிட்டது, ஒப்பந்த வலை என்பார்கள். வேலை அறிவிக்கப்படும், செய்யக்கூடியவை ஏலம் கேட்கும். 'ஐந்தாம் மாடியில் ஆள் விழுந்துவிட்டார்' என்று அறிவித்தால், லிஃப்ட் இல்லாத நேரத்தில் கீழே நிற்கும் ரோபோ ஏலமே கேட்காது. வாச்சர் ஐயாவின் போனும் பக்கத்து வீட்டுப் போனும் கேட்கும். மனிதரையும் ஒரு முகவராக உள்ளே எடுத்துக்கொண்டால் படிக்கட்டுப் பிரச்சினைக்கு ஒரு வழி வரும்.

பழைய வயர்மன்:
அது சரி. ஆனால் எங்கள் வாச்சருக்குச் சிங்களம் மட்டும்தான் வாசிக்க வரும். தமிழிலோ இங்கிலிஷிலோ அனுப்பினால் அவர் போனை மேசையில் வைத்துவிடுவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலி வீதி:
எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அந்த 'தெரியவில்லை' என்ற செய்தியை மட்டும் எங்கள் வீட்டில் செய்து காட்டுங்கள், மெயின் சுவிட்சை நானே அணைக்கிறேன். சனிக்கிழமை காலை வாருங்கள். பின்னேரம் என்றால் அம்மா மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார், அவர் இல்லாமல் அவர் வீட்டில் எதையும் பூட்ட நான் விடமாட்டேன்.