ரதம் போன பிறகு ரோட்டில் கிடக்கும் தேங்காய்ச் சில்லு

கிராமாட்வாசி:
பினாங்கு தைப்பூசம். ரதத்துக்காக ரோட்டுல தேங்காய் உடைச்சு, வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் ரோட்டைத் தாண்டி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அர்ச்சனைத் தட்டை ரெண்டு கையாலயும் ஏந்தி வந்த ஒரு பாட்டி சட்டுனு நின்னாங்க. தட்டு மறைக்கிறப்ப கால் எங்க படுதுன்னு எப்படித் தெரியும்? குதிகால்ல சிரட்டைச் சில்லு, கட்டைவிரல் அகலத்துக்கு. பிடுங்கிப் போட்டுட்டு நடந்துட்டாங்க, ஒரு முனகல்கூட இல்ல. உடைஞ்ச காயை அள்ளுற இயந்திரம் அப்பத்தான் தள்ளிட்டுப் போயிருந்துச்சு. அது குவியலைத்தான் அள்ளும், சில்லு தார்லயே தங்கிடும்.

முருகனடிமை:
அதுக்காக நேர்த்திக்கடனை நிறுத்தணுமா? பினாங்குல சீனவங்களும்தான் குவிச்சு வச்சு உடைக்கிறாங்க.

பழைய தொண்டர்:
@முருகனடிமை, நிறுத்தச் சொன்னது யாரு? பாட்டி காலைப் பத்திப் பேசினா நீங்க வேண்டுதலுக்கு வாதாடுறீங்க.

உடைக்கிற விதத்துலதான் இருக்கு. தோளுக்கு மேல ஓங்கி அடிச்சா காய் தூள்தூளாத் தெறிக்கும். இடுப்பு உயரத்துல இருந்து நேர் கீழே போட்டா பெரும்பாலும் ரெண்டு மூணு துண்டுதான். சிரட்டை வளைவா இருக்கறதால, உடைஞ்ச துண்டு முதுகுப் பக்கம் தரையில உக்காந்து விளிம்பு மேல பார்த்து நிக்கும். மிதிக்கிறவங்களுக்கு அது கத்திதான். நடு ரோட்டுல வேணாம், ஓரமா ஒரே இடத்துல உடைங்க. ரதம் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிடுங்க. ரதத்தை இழுக்கிற மாடுங்களுக்கும் தேங்காய்த் தண்ணி ஊறின தார் வழுக்கும். முதல்ல மண்வாரி, அப்புறம் ஈர்க்குமாறு, கடைசியா வாளித் தண்ணி. தண்ணியை முதல்ல ஊத்தினா சில்லு ஈரத் தார்ல ஒட்டிக்கும், ஈர்க்குமாறுக்கு வராது. 108 காய்னு வேண்டிக்கிட்டவங்க ரோட்டைக் கூட்டறதுக்குன்னே ஒரு ஆளை நிறுத்துங்க.

பந்தல் தம்பி:
சில்லு பத்தித்தான் எல்லாரும் பேசுறீங்க. தண்ணீர்ப் பந்தலைப் பாருங்களேன். குப்பைத் தொட்டியை மேசைக்குப் பக்கத்துலயே வைப்பாங்க. மோரை வாங்கினவங்க நடந்துகிட்டே குடிப்பாங்க. காலியாகறப்ப இருபது அடி தள்ளிப் போயிருப்பாங்க, கோப்பை ரோட்டுல விழும். தொட்டி அங்க இருக்கணும், இன்னும் முப்பது அடி தள்ளி இன்னொண்ணு. கோப்பையை முக்கால்வாசி மட்டும் ஊத்துங்க. நிறைய ஊத்தினா சிந்தும், அதுவும் வழுக்கல்தான்.

ஒலிபெருக்கியை ரோட்டுப் பக்கம் திருப்பாதீங்க. உருமி மேளக் குழு பந்தலைக் கடக்கிறப்ப அவங்க தாளம் அவங்களுக்கே கேட்காது. காவடி எடுக்கிறவர் அந்தத் தாளத்தைப் பிடிச்சுத்தான் அடி வைக்கிறார். மேளம் கிட்ட வந்ததும் சத்தத்தைக் குறைக்க ஒரு ஆளு போதும், ஆனா அந்த ஆளு சாப்பிடப் போயிடக்கூடாது.

கிராமாட்வாசி:
தொண்டர் அண்ணே, அந்தப் பாட்டி நின்ன இடத்துல தண்ணிதான் முதல்ல ஊத்தியிருந்தாங்க. இப்பத்தான் புரியுது.