கலீல் கையில் ஹேர்பிரஷ் இருந்ததா?

கட்டபெட்டு_வாசகன்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: ஆஞ்சி தாமஸோட ‘தி ஹேட் யு கிவ்’ங்கிற அமெரிக்க நாவல்ல கலீல்ங்கிற கறுப்புப் பையன் ஹேர்பிரஷ்ஷைக் கையில எடுத்தானாம், வெள்ளைக்காரப் போலீஸ்காரன் துப்பாக்கின்னு நினைச்சுச் சுட்டானாம், இதுல நிறவெறி எங்கன்னு கேள்வி வேற. ஐயா, 2017ல வந்த நாவல்ல அவன் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. 2ஆம் அத்தியாயத்தைத் திறங்க. பின்விளக்கு உடைஞ்சிருக்குன்னு போலீஸ்காரன் காரை மறிக்கிறான். கலீலை இறக்கித் தடவிப் பார்க்கிறான், ஒண்ணும் சிக்கல. லைசென்ஸோட தன் வண்டிக்குப் போறான். கலீல் கதவைத் திறந்து, உள்ள உக்காந்திருக்கிற தோழி ஸ்டாரை (அவதான் கதை சொல்ற பொண்ணு) ‘பரவாயில்லையா’ன்னு விசாரிக்கிறான். மூணு குண்டு. பிரஷ் கார் கதவுல கிடந்தது. கையில இல்லை!

வெலிங்டன்_77: 2018 படத்துல எடுக்கிறானே சார். கண்ணால பார்த்தது பொய்யா?

கட்டபெட்டு_வாசகன்: படம் பார்த்துட்டு நாவலுக்குத் தீர்ப்பு! ஸ்டாரோட குட்டித் தம்பி செகானி துப்பாக்கியை நீட்டுறதும் படத்துல மட்டும்தான். அதையும் தாமஸ் தலையில கட்டுவீங்களா?

தேவாலா_மழை: பிரஷ்ஷை விடுங்கண்ணே. கதை ஸ்டார் வாய் திறக்கிறதைப் பத்தினது. அவ குடியிருக்கிற கறுப்பர் பேட்டை கார்டன் ஹைட்ஸ்ல ஒரு பேச்சு, வெள்ளைப் பிள்ளைங்க படிக்கிற வில்லியம்சன் பள்ளிக்கூடத்துல ஒரு பேச்சு. கோபத்தைக்கூட அங்க காட்ட மாட்டா, ‘கெட்டோ’ (சேரிக்காரி)ன்னு முத்திரை குத்திடுவாங்கன்னு. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்க, ‘சிலோன்காரன்’ பட்டத்துக்குப் பயந்து ஊட்டி கான்வென்ட்ல தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பேச்சை முழுங்குறது மட்டும் என்னவாம்?

வெலிங்டன்_77: ஆரம்பிச்சாச்சு. தாயகம் திரும்பியோர் திரியிலயும் இதே பாட்டுதான். அது நிறவெறி இல்லை.

தேவாலா_மழை: அப்ப எதுதான் நிறவெறி? சொல்லிட்டுப் பேசுங்க.

வெலிங்டன்_77: கையில பிரஷ் இருந்தா போலீஸ்காரன் பயப்படத்தான் செய்வான். அவ்வளவுதான்.

கட்டபெட்டு_வாசகன்: கையில இல்லை, கையில இல்லை, கையில இல்லை. போதுமா? உங்க படத்துக்கே வரேன். போலீஸ் வேலை பார்க்கிற மாமா கார்லோஸை ஸ்டார் மடக்குறா: பென்ஸ் கார்ல கோட்டு போட்ட வெள்ளைக்காரனை மறிச்சா என்ன பண்ணுவீங்க? ‘கையைத் தூக்கு’ன்னு சொல்வேங்கிறார். கறுப்புப் பையனுக்கு அந்த ரெண்டு வார்த்தை கூடக் கிடைக்காது. கையைத் தெரியும்படி வை, சட்டுன்னு அசையாதேன்னு ஸ்டாருக்கு 9 வயசுலயே வீட்டுல பாடம் எடுக்கிறாங்க. அந்தக் காட்சி வந்தப்ப பாப்கார்ன் வாங்கப் போயிட்டீங்க போல.

குன்னூர்_புத்தகப்புழு: வாசிப்பு வட்டம் நடத்துறவங்க கவனிக்க: முதல்ல 2ஆம் அத்தியாயத்தைச் சத்தமா வாசிக்க வைக்கணும். கார், கதவு, பிரஷ், போலீஸ்காரன், ஸ்டார் எங்கெங்கன்னு பசங்களைப் பலகையில வரையச் சொல்லணும். படம் அப்புறம்தான். மாத்திப் பண்ணினா, திரையில பார்த்த கையைப் புத்தகத்துலயும் பார்த்ததா சத்தியம் பண்ணுவாங்க.

வெலிங்டன்_77: குன்னூர்க்காரங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வகுப்பு எடுக்கணும்.

குன்னூர்_புத்தகப்புழு: வெலிங்டன் எந்தத் தாலுகான்னு பார்த்துட்டு வாங்க.

கட்டபெட்டு_வாசகன்: ஊர்ச்சண்டை அப்புறம். பிரஷ் கையில இருந்த வரி எந்த அத்தியாயம்? எண் சொல்லுங்க.

வெலிங்டன்_77: முதல்ல படத்தை ஒழுங்காப் பாருங்க சார்.

கட்டபெட்டு_வாசகன்: எண்!