மதுரை மல்லி விலையைக் கணிக்க டென்சர் தொடர் முறை பொருந்துமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் முதுகலைப் புள்ளியியல் படித்து வருகிறேன். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மறுநாள் காலை மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதைக் கணிப்பதுதான் என் ஆய்வுத் திட்டம். பூக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா நாள்தோறும் நோட்டில் எழுதி வைத்திருந்த விலைகளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கை, ஏறத்தாழ 1,000 நாட்களை, கணினியில் ஏற்றியிருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் 20 காரணிகள் உள்ளன: முகூர்த்த நாளா, தமிழ் மாதம், இரவின் குறைந்த வெப்பநிலை, மழை, முந்தைய நாட்களின் விலை, பிச்சி, முல்லை ஆகியவற்றின் விலை முதலியன.

முகூர்த்தம் விலையை ஏற்றும், பனியும் ஏற்றும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் சேரும்போது ஏறும் விலை, தனித்தனி ஏற்றங்களின் கூட்டலைவிட மிக அதிகம். காரணிகளின் விளைவுகளைத் தனித்தனியே எடைபோட்டுக் கூட்டும் சாதாரண நேரியல் தொடர்புப் போக்கு இதைப் பிடிப்பதில்லை. காரணிகளின் எல்லாப் பெருக்கல்களையும் சேர்த்தால் 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576 கெழுக்கள் (எடை எண்கள்) வேண்டும். குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்த டென்சர் தொடர் முறையில் அத்தனை கெழுக்களையும் சிறு அணிகளின் (எண் கட்டங்களின்) பெருக்கலாகச் சுருக்கி வைக்கலாம் என்று படித்து, ஒவ்வொரு காரணியையும் கோசைன், சைன் என்ற இரு எண்களாக மாற்றி, பிணைப்புப் பரிமாணம் (அடுத்தடுத்த அணிகளை இணைக்கும் பக்கத்தின் அளவு) 10 என வைத்துப் பயிற்றுவித்தேன். தொடக்க எண்களைச் சற்று மாற்றினாலே விடை வெடித்துப் போகிறது அல்லது சுழியாகிவிடுகிறது. பயிற்சி நன்றாக முடிந்த வேளைகளிலும், பயிற்சித் தரவில் பிழை ஏறத்தாழ இல்லை, ஒதுக்கி வைத்த நாட்களிலோ நேரியல் முறையைவிட மோசம். குறை முறையிலா, நான் அதைக் கையாண்ட விதத்திலா? இதற்குக் குவாண்டம் கணினி ஏதும் தேவைப்படுமா?

அணிக்கோவை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: குவாண்டம் கணினி தேவையில்லை. 1992-இல் ஸ்டீவன் ஒயிட், ஒரு வரிசையில் நிற்கும் குவாண்டம் துகள்களின் தாழ்ந்த ஆற்றல் நிலையைச் சாதாரணக் கணினியில் கணிப்பதற்காக ஒரு முறையை வகுத்தார். அதன் அடியில் இருப்பது அணிகளின் பெருக்கல் தொடர்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. கணிதத்தில் அதே அமைப்பை 2011-இல் ஒசெலெடெட்ஸ் டென்சர் தொடர் என்ற பெயரில் எழுதினார். 2016-இல் ஸ்டௌடன்மையரும் ஷ்வாபும் கையெழுத்து இலக்கங்களை இனங்காண இதைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் எடுத்த கோசைன், சைன் மாற்றமும் அவர்களுடையதே. அங்கே உள்ளீடு படப்புள்ளிகளின் கருமை என்பதால் அது பொருந்திற்று.

உங்கள் வேலைக்கு அந்த மாற்றம் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கோசைனையும் சைனையும் எந்த எடையில் கூட்டினாலும், சுழியிலிருந்து ஒன்று வரையிலான இடைவெளியில் சுழி தவிர மாறாத எண் ஒன்று கிடைக்காது. அதாவது “இந்தக் காரணியைப் பொருட்படுத்தாதே” என்று சொல்வதற்கான வழியே உங்கள் மாதிரியில் இல்லை. பயனற்ற காரணி ஒன்று இருந்தாலும் அதன் ஏற்ற இறக்கம் விலைக்குள் நுழைந்துவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு காரணியையும் (1, காரணியின் மதிப்பு) என்ற இணையாக வையுங்கள். நோவிகோவ், ட்ரோஃபிமோவ், ஒசெலெடெட்ஸ் ஆகியோர் 2016-இல் எழுதிய கட்டுரையில் இப்படித்தான் செய்தார்கள். இந்த வடிவில் சாதாரண நேரியல் மாதிரி முழுவதும் பிணைப்புப் பரிமாணம் 2-க்குள் அப்படியே அடங்கிவிடும். ஆகவே முதலில் நேரியல் தொடர்புப் போக்கைக் கண்டு, அதன் கெழுக்களை அணிகளில் இட்டு, அங்கிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். தற்போக்கான எண்களில் தொடங்கி இருபது அணிகளைப் பெருக்கினால், ஒவ்வொன்றும் சற்றே சிறியதானாலும் பெருக்கல் சுழியை நோக்கி ஓடும், சற்றே பெரியதானாலும் வெடிக்கும். நீங்கள் கண்டது இதையே. இரவு வெப்பநிலை போல வளைந்த தொடர்புடைய காரணிக்கு மட்டும் வர்க்கத்தையும் சேர்த்து மூன்று எண்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பரிமாணம் 10 என்றால் உள்ளே இருக்கும் 18 அணித்தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 200 எண்கள், இரு முனைகளிலும் தலா 20 எண்கள், ஆக 3,640. உங்களிடம் இருப்பதோ 1,000 நாட்கள். பயிற்சியில் பிழையே இல்லாமல் போனதில் வியப்பில்லை. பரிமாணம் 4 என்றால் 592, 3 என்றால் 336, 2 என்றால் 152. இரண்டில் தொடங்கி, ஒதுக்கி வைத்த பருவத்தில் பிழை குறையும் வரை மட்டும் ஏற்றுங்கள்.

எல்லா எண்களையும் சிறிது சிறிதாகத் திருத்திச் செல்லும் சரிவு வழிப் பயிற்சியையும் விட்டுவிடலாம். மற்ற அணிகளை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் எடுத்தால், கணிப்பு அந்த அணியின் எண்களில் நேரியலாகிவிடுகிறது. அது மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூடுதலை மிகச் சிறிதாக்கும் முறை) ஒரே அடியில் தீரும் கணக்கு. இடமிருந்து வலமாக ஒவ்வோர் அணியாகத் தீர்த்துக்கொண்டு போய், மீண்டும் வலமிருந்து இடமாகத் திரும்புங்கள். ஒவ்வோர் அடியிலும் தீர்த்து முடித்த அணியைச் செங்குத்து வடிவுக்கு (ஓரலகு நீளமுள்ள, ஒன்றுக்கொன்று செங்குத்தான வரிசைகள் கொண்ட வடிவு) மாற்றி, எஞ்சியதை அடுத்த அணியில் பெருக்கிவிட வேண்டும். இதனால் ஓர் அரிய பயன் உண்டு: அப்போது கையில் இருக்கும் அணியின் எண்களின் வர்க்கக் கூடுதலும், மறைந்திருக்கும் அத்தனை லட்சம் கெழுக்களின் வர்க்கக் கூடுதலும் சமம். ஆகவே பரிமாணம் 4-இல் ஓர் அணித்தொகுதியின் 32 எண்கள் மீது இடும் தண்டனை (எண்கள் பெரிதாகாமல் தடுக்கப் பிழையோடு கூட்டும் தொகை) முழு மாதிரியின் மீதும் இட்ட தண்டனையாகிவிடுகிறது. மிகைப்பொருத்தத்தை, அதாவது பயிற்சித் தரவை மனப்பாடம் செய்வதைக், கட்டுப்படுத்த இதைவிடச் செம்மையான பிடி இந்த முறையில் வேறில்லை.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. காரணிகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதையும் விளக்க வேண்டுகிறேன். இப்போது ஒன்றோடொன்று ஒட்டுறவு மிகுந்தவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

அணிக்கோவை எழுதியது:

அது இயல்பாகத் தோன்றும் தவறு. தொடரை ஓரிடத்தில் வெட்டினால், அங்கே வேண்டிய பிணைப்புப் பரிமாணம் என்பது, இடப்பக்கக் காரணிகளும் வலப்பக்கக் காரணிகளும் விலையை எத்தனை விதமாகச் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதன் எண்ணிக்கை. காரணிகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவுக்கு இதில் இடமில்லை. மல்லி விலையும் பிச்சி விலையும் சேர்ந்தே ஏறி இறங்கலாம். ஆனால் அவற்றின் பெருக்கலுக்கு மறுநாள் விலையில் தனி விளைவு இல்லையென்றால் அவை எங்கே நின்றாலும் ஒன்றுதான். முகூர்த்தமும் பனியும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். அவை இரண்டும் அடுத்தடுத்து நிற்கட்டும். இரு முனைகளிலும் நின்றால் அந்த ஓர் உறவைக் கடத்துவதற்காக இடையிலுள்ள அத்தனை பிணைப்புகளும் பருக்க வேண்டியிருக்கும்.

உசிலம்பட்டித் தோட்டம் எழுதியது:

தம்பி, கணக்கு எனக்கு முழுவதும் விளங்கவில்லை, ஆனால் உங்கள் காரணிகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இருபது ஆண்டுகளாக மாட்டுத்தாவணிக்குப் பூ அனுப்புகிறேன். முகூர்த்த நாளை அந்த நாளுக்கே குறித்திருக்கிறீர்கள் என்றால் அது பிழை. கல்யாண வீட்டுக்கு மாலையும் சரமும் முதல் நாளே கட்டியாக வேண்டும் என்பதால் வாங்குதல் முதல் நாளே நடந்துவிடும், விலையும் அன்றைக்கே ஏறும். ஒரு நாள் முன்னதாகவும் குறித்துப் பாருங்கள்.

பனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில் செடியைக் கவாத்து செய்வோம். அதற்குப் பிறகு சில வாரங்கள் வரத்து தானாகவே குறையும். பனி அதற்கு மேல் மொட்டைக் கெடுக்கும். நீங்கள் வெப்பநிலையை மட்டும் வைத்தால் கவாத்தால் குறைந்த வரத்தையும் பனியின் கணக்கிலேயே எழுதிவிடுவீர்கள். கவாத்துக்குப் பின் எத்தனை வாரம் என்பதைத் தனிக் காரணியாக வையுங்கள். கோடையில் பூ குவியும்போது மிஞ்சுவதை வாசனைத் திரவிய ஆலைகள் எடுத்துக்கொள்வதால், விலை ஓரளவுக்குக் கீழே இறங்காமல் அங்கே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீச்சிறு வர்க்கம் எழுதியது:

மேலே தோட்டக்காரர் சொன்னது மிக முக்கியமானது. அதைத் தொட்டே என் ஐயத்தைச் சொல்கிறேன். பனி கடுமையாக இருக்கும் மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே பனியும் முகூர்த்தமும் சேரும் நாட்கள் பெரும்பாலும் கார்த்திகையின் பிற்பகுதியிலும் தையிலும் மட்டுமே வரும். 1,000 நாட்கள் இருந்தாலும் நீங்கள் தேடும் அந்த ஓர் உறவுக்குச் சான்று சொல்லும் நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பத்து லட்சம் கெழுக்களுக்கு இடம் தரும் மாதிரி, சான்று இல்லாத இடத்தையும் ஏதோ ஓர் எண்ணால் நிரப்பும்; மார்கழி முகூர்த்தத்துக்கும் ஒரு விலை சொல்லும்.

விலையை ரூபாயில் வைத்திருக்கிறீர்களா, மடக்கையில் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முகூர்த்தம் விலையை இரு மடங்காக்கி, பனி மேலும் இரு மடங்காக்கினால், ரூபாயில் அது பெருக்கல், மடக்கையில் வெறும் கூட்டல். நீங்கள் கண்ட “சேர்க்கை விளைவு” முழுவதும் மடக்கை எடுத்தவுடன் மறைந்துபோகவும் கூடும். எஞ்சி நிற்பதே உண்மையான சேர்க்கை விளைவு. டென்சர் தொடருக்கு வேலை இருக்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஒப்பிடுவதற்கு, இரண்டிரண்டு காரணிகளின் பெருக்கல்களை மட்டும் கொண்ட மாதிரியையும் போட்டுப் பாருங்கள். 20 காரணிகளுக்கு 190 இணைகள்தான், தண்டனையுடன் எளிதில் தீரும். நாட்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள்; நேற்றைய விலையோடு நாளைய விலையும் பயிற்சியில் இருந்தால் இன்றைய விலையைச் சொல்வது கணிப்பாகாது. முதல் இரண்டு ஆண்டுகளில் பயிற்றுவித்து, மூன்றாம் ஆண்டை முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். விலையை ரூபாயிலேயே வைத்திருந்தேன், நாட்களையும் குலுக்கித்தான் பிரித்திருந்தேன், இரண்டையும் மாற்றிவிட்டேன். மடக்கை எடுத்து, முகூர்த்தத்தை ஒரு நாள் முன்னதாகக் குறித்து, கவாத்து வாரத்தைச் சேர்த்தவுடன் நேரியல் மாதிரியே முன்பைவிட வெகுவாகத் தேறிவிட்டது. அதிலிருந்து தொடங்கிய டென்சர் தொடர், பரிமாணம் 3-இல் மூன்றாம் ஆண்டின் பிழையை மேலும் சிறிது குறைத்தது, 4-இல் குறையவில்லை. இணைப் பெருக்கல்களை மட்டும் கொண்ட மாதிரியும் ஏறத்தாழ அதே பிழையைத்தான் தந்தது. பரிமாணம் 3-க்குக் கிடைத்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்று நாள்வாரியாகப் பார்த்தபோது, பெரும்பகுதி தை மாதத்தின் ஒன்பது நாட்களிலிருந்து வந்திருந்தது. ஒன்பது நாட்களை நம்பி ஆய்வேட்டில் எதையும் எழுத மனம் ஒப்பவில்லை. சித்தப்பாவிடம் இன்னும் பழைய நோட்டுகள் பரணில் கிடக்கின்றனவாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய், அவற்றிலிருந்து கார்த்திகை, தை மாதப் பக்கங்களை முதலில் எடுத்து எழுதி வரப்போகிறேன்.